உள்ளுக்குள்ள ஒரு பிரேக்: இர்விங் பாபிட் பத்தி கொஞ்சம்

அமெரிக்க இலக்கிய விமர்சகர் இர்விங் பாபிட்டோட அப்பா எட்வின் பாபிட் கலர்ல வைத்தியம் பார்த்தவரு. கலர் கண்ணாடி வழியா வெயில உடம்பு மேல விட்டா நோய் போகும், கலர் குப்பியில தண்ணி ஊத்தி வெயில்ல வச்சு குடிச்சா அந்த தண்ணியே மருந்தாயிடும், இப்படியெல்லாம் எழுதி 1878ல தலகாணி சைஸுக்கு ஒரு புக் போட்டாரு. பேரு 'தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் லைட் அண்ட் கலர்'. காந்த சிகிச்சை, ஆவி உலகம், அதுலயும் ஆள் இறங்கி வேல பார்த்திருக்காரு. அந்த புக்க படிச்சு மண்டைக்கு ஏறிப்போய்தான் பம்பாய்ல பொறந்த தின்ஷா கடியாலிங்கற பார்சிக்காரரு அமெரிக்காவுல 'ஸ்பெக்ட்ரோ-க்ரோம்'னு ஒரு கலர் லைட் பெட்டி செஞ்சு வித்தாரு, அது கடைசியில கோர்ட் கேஸ் வரைக்கும் போச்சு. இன்னிக்கும் கலர் தெரபி பேசுறவங்க எட்வின் பாபிட் பேர மரியாதையா சொல்றாங்க. நல்ல மனசுக்காரரு, உலகத்த திருத்தணும்னு நிஜமாவே ஆசப்பட்டவரு, வீட்டுல மட்டும் காசு நின்னதே இல்ல.

இவரோட புள்ளதான் பின்னாடி ஹார்வர்ட்ல உக்காந்துகிட்டு, உலகத்த திருத்த கிளம்புறவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கங்கன்னு நாப்பது வருஷம் பாடம் எடுத்தாரு. அப்பாவ வச்சு புள்ளைய அளக்குறது மட்டமான சைக்காலஜின்னு தெரியும், இருந்தாலும் இந்த ஒரு கேஸ்ல எனக்கு கை சும்மா இருக்க மாட்டேங்குது.

இந்த பாபிட் பத்தி தமிழ்ல யாரும் பெருசா பேசி நான் பார்த்ததில்ல. கவிஞர் டி.எஸ். எலியட்டோட வாத்தியார்னு சொன்னா கொஞ்சம் பேரு நிமிர்ந்து பாப்பாங்க, நானும் அந்த வழியாதான் வந்தேன். எலியட்டோட 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதை கடைசியில தத்த, தயத்வம், தம்யதன்னு வந்து அப்புறம் மூணு சாந்தியோட முடியுதே, செயின்ட் லூயிஸ்ல பொறந்த ஒரு பையனுக்கு பிருஹதாரண்யக உபநிஷத் எங்கேர்ந்து கெடச்சுதுன்னு தோண்டிட்டு போனா ஹார்வர்ட்ல சார்லஸ் லான்மன்னு ஒரு சமஸ்கிருத வாத்தியார் வர்றாரு, எலியட் லான்மன்கிட்ட போய் சேர்றதுக்கு முன்னாடியே 1909-10ல பாபிட்கிட்ட பிரெஞ்சு இலக்கிய விமர்சனம் படிச்சிருக்காருன்னு தெரியுது. அதே பாபிட்டும் லான்மன்கிட்ட சமஸ்கிருதமும் பாலியும் (பழைய பௌத்த நூல்களோட மொழி) படிச்சவருதான். இன்னொரு குழப்பம், பேர போட்டு தேடினா முதல்ல வர்றது சின்க்ளேர் லூயிஸோட 1922 நாவல் 'பாபிட்'. அதுல வர்ற ரியல் எஸ்டேட் புரோக்கர் பாபிட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமே கெடையாது, ஆனா அந்த நாவல் ஹிட் ஆனப்புறம் அந்த பேருக்கே மொண்ணையான மிடில் கிளாஸ் ஆளுன்னு அர்த்தம் ஒட்டிக்கிச்சு. கும்பலோட கும்பலா யோசிக்காதீங்கன்னு வாழ்நாள் பூரா கத்தின ஒரு மனுஷனுக்கு இந்த கதி.

1865 ஆகஸ்ட் 2, ஒஹையோ மாநிலத்துல டேட்டன்ல பொறந்தாரு. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. அப்பா ஊர் ஊரா சுத்துறதுல இந்த பையன் நியூயார்க் தெருவுல பேப்பர் வித்திருக்கான், சொந்தக்காரங்க பண்ணையில வேல செஞ்சிருக்கான், வயோமிங்ல ஒரு ராஞ்ச்ல மாடு மேய்ச்சிருக்கான். ஹார்வர்ட்ல பழமை பேசுன புரொஃபசர்னாலே வெள்ளிக்கரண்டியோட பொறந்து சாய்வு நாற்காலியில உக்காந்தவருன்னு நமக்கு ஒரு படம் ஓடும்ல, அது இங்க செல்லாது. 1885ல ஹார்வர்ட் சேர்ந்து 1889ல கிரேக்கம் லத்தீன்ல நல்லா பாஸ் பண்ணிட்டு, மொன்டானாவுல ஒரு சின்ன காலேஜ்ல ரெண்டு வருஷம் வாத்தியார் வேல பாத்து காசு சேத்து, அந்த காச எடுத்துக்கிட்டு நேரா பாரிஸ் போனாரு. எதுக்கு? சில்வான் லெவிங்கற பிரெஞ்சு சமஸ்கிருத அறிஞர்கிட்ட சமஸ்கிருதமும் பாலியும் படிக்க. புத்தர மூல மொழியில படிக்கணும்னு ஒரு இருபத்தஞ்சு வயசு மேற்கத்திய பையனுக்கு 1891ல தோணியிருக்கு.

திரும்பி வந்து 1892-93ல லான்மன் கிளாஸ். அந்த கிளாஸ்ல மொத்தமே ரெண்டு ஸ்டூடண்ட்தான், ஒன்னு இவரு, இன்னொன்னு பால் எல்மர் மோர். ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் ஃப்ரெண்ட்ஸ், சாகுற வரைக்கும் சண்ட. பின்னாடி 'நியூ ஹ்யூமனிசம்'னு பேர் வாங்குன இலக்கிய விமர்சன இயக்கத்தோட ரெண்டு தூணும் ஒரு சமஸ்கிருத வகுப்புலதான் சந்திச்சுக்கிட்டாங்கங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியமாவே இருக்கு.

அவருக்கு ஆசை கிரேக்கம் லத்தீன் சொல்லிக் குடுக்கணும்னு. ஹார்வர்ட் குடுத்தது பிரெஞ்சு. 1894லேர்ந்து சாகுற வரைக்கும் அந்த டிபார்ட்மெண்ட்தான், அதுலயும் முழு புரொஃபசர் ஆனது 1912லதான், அப்ப வயசு நாப்பத்தாறு. பிஎச்டி வாங்கவே இல்ல. வாங்க முடியாம இல்ல, அந்த முறையே தப்புன்னு நெனச்சாரு. அந்த காலத்துல ஜெர்மனியில இருந்து வந்த ஸ்டைல், ஒரு கவிதையில இந்த சொல் எந்த வட்டார வழக்குலேர்ந்து வந்துச்சு, இந்த கையெழுத்துப் பிரதி எந்த பிரதியோட தம்பின்னு ஆராய்ச்சி பண்ணி முன்னூறு பக்கம் எழுதினா டாக்டர் பட்டம். கவிதை என்ன சொல்லுது, அது நல்லதா, அது மனுஷன என்ன செய்யுதுன்னு கேட்டா அது ஆராய்ச்சி இல்லன்னு ஒதுக்கிடுவாங்க. 1908ல வந்த அவரோட முதல் புக் 'லிட்டரேச்சர் அண்ட் தி அமெரிக்கன் காலேஜ்' பூரா இந்த கடுப்புதான். அதே புக்ல ஹார்வர்டோட பிரசிடெண்ட் சார்லஸ் எலியட்டயும் விடல (கவிஞர் எலியட்டுக்கு தூரத்து சொந்தம்). அந்த பிரசிடெண்ட் கொண்டு வந்தது எலெக்டிவ் சிஸ்டம், பதினெட்டு வயசு பையன் எந்த பாடம் வேணும்னாலும் எடுத்துக்கலாம், இது கட்டாயம்னு கிட்டத்தட்ட எதுவுமே கெடையாது. ஒரு சின்னப் பையனோட அப்பப்ப தோணுற விருப்பத்துக்கு முன்னாடி காலங்காலமா சேத்து வச்ச அறிவு எல்லாம் கை கட்டி நிக்கணுமான்னு பாபிட் கேட்டாரு. சம்பளம் குடுக்குற நிறுவனத்த, நிரந்தர வேலை கைக்கு வர்றதுக்கு முன்னாடியே இப்படி அச்சுல போட்டு அடிச்ச ஆளு. அத நெனச்சா ஒரு மரியாதை வருது.

கிளாஸ் எடுக்குறது வேற ரகம்னு பழைய மாணவங்க எழுதியிருக்காங்க. பை நிறைய புக்கு, கட்டு கட்டா நோட்ஸ், எல்லாத்தையும் மேசை மேல கொட்டிட்டு ஒன்னு ஒன்னா உருவி மேற்கோள் மேல மேற்கோளா போட்டுத் தள்ளுவாராம், அரிஸ்டாட்டில்லேர்ந்து கன்ஃபூசியஸுக்கு ஒரு தாவு, அங்கேர்ந்து பிரெஞ்சு விமர்சகர் சாந்த் பவ்வுக்கு, அங்கேர்ந்து புத்தருக்கு. ஒரு மணி நேரத்துல எத்தன எழுத்தாளர் பேர் வரும்னு பசங்க பந்தயம் கட்டுவாங்கன்னு ஒரு கதை உண்டு. கிளாஸ் முடிஞ்சும் விடமாட்டாரு, வேகமா நடப்பாரு, கூட ஓடி வர்ற மாணவனுக்கு மூச்சு வாங்கும், இவரு வாதம் பண்ணிட்டே போவாரு. மிதமா இருங்கன்னு சொல்ற விஷயத்த மிதமே இல்லாம சொன்ன ஆளு. வால்டர் லிப்மன், வான் விக் ப்ரூக்ஸ், எலியட்னு அடுத்த தலைமுறையில பேர் வாங்குன எத்தனையோ பேரு அந்த பெஞ்சுல உக்காந்தவங்க.

இப்ப ஐடியாவுக்கு வர்றேன். அவரு வாழ்க்கை பூரா எழுதுனது ஒரே ஒரு விஷயம்தான், புக்கு மேல புக்கா எழுதிட்டாரு, படிக்கிறவனுக்கு சில சமயம் அலுப்பு தட்டுற அளவுக்கு. அந்த விஷயம் என்னன்னா, மனுஷனுக்குள்ள ரெண்டு இழுப்பு இருக்கு, ஒன்னு ஆசை ஓடுற பக்கம் ஓடுறது, இன்னொன்னு 'நில்லு'ன்னு சொல்றது. அந்த 'நில்லு'தான் மனுஷன மனுஷனாக்குது. அவரு இத 'இன்னர் செக்'னு சொன்னாரு. அப்ப பிரான்ஸ்ல தத்துவவாதி பெர்க்சன் 'எலான் விதால்'னு, உயிரோட உந்து சக்தின்னு பேசி ரொம்ப ஃபேமஸா இருந்தாரு, பாபிட் அதுக்கு பதிலா 'ஃப்ரேன் விதால்'னு ஒன்ன தூக்கி முன்னாடி வச்சாரு, உயிரோட பிரேக்னு. எல்லாரும் எஞ்சின பத்தியே பேசுறீங்களே, வண்டிய யாரு நிறுத்துறதுங்கறதுதான் அவரோட கேள்வி.

இதுக்கு எதிரி யாரு? அவரு கணக்குல ரெண்டு பேரு. ஒருத்தர் இங்கிலாந்து தத்துவவாதி பேக்கன், இன்னொருத்தர் பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ருசோ. பேக்கன் வழி வந்தவங்க இயற்கைய ஜெயிச்சு சவுகரியத்த பெருக்கினா மனுஷன் முன்னேறிடுவான்னு நம்புறாங்க. ருசோ வழி வந்தவங்க மனுஷன் பொறக்கும்போதே நல்லவன், சமூகம்தான் கெடுத்துச்சு, உணர்ச்சிய அவுத்து விட்டா தானா அன்பு பொங்கும்னு நம்புறாங்க. பாக்க எதிரும் புதிரும் மாதிரி இருக்கும், ஒருத்தன் மெஷின் ஆளு, இன்னொருத்தன் பூ ஆளு, ஆனா ரெண்டு பேரும் கூட்டாளிங்கன்னு பாபிட் சொன்னாரு, ஏன்னா ரெண்டு பேருக்குமே விரிஞ்சுகிட்டே போறதுதான் வேல, ஒருத்தன் வெளிய விரியுறான், ஒருத்தன் உள்ள விரியுறான், சுருக்கி நிறுத்துறவன் யாருமில்ல. நல்லது கெட்டதுங்கற சண்ட தனி மனுஷனோட நெஞ்சுக்குள்ள நடக்குறதுன்னு பழைய மதங்களும் தத்துவங்களும் சொன்னதெல்லாம் போய், அது சமூகத்துல நல்லவங்களுக்கும் கெட்டவங்களுக்கும் நடக்குற சண்டையாயிடுச்சு. அப்புறம் என்ன, நான் நல்லவன் பக்கம் சேந்துட்டா போதும், நான் எதையும் என்கிட்ட மாத்த வேண்டியதில்ல.

இந்த இடம்தான் என்ன புடிச்சு நிறுத்துச்சு. ருசோ குழந்தைங்கள எப்படி வளக்கணும்னு ஐரோப்பாவுக்கே பாடம் எடுத்தாரு, தனக்கு பொறந்த அஞ்சு குழந்தையையும் அனாதை விடுதியில விட்டாரு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ருசோவ திட்டுறவங்க எல்லாரும் முதல்ல எடுக்குற கல்லு. பாபிட் கேட்டது அத தாண்டி. அஞ்சு குழந்தையையும் விட்ட அதே மனுஷன் தன்ன விட நல்லவன் யாரும் இருக்க முடியாதுன்னு உண்மையாவே நம்பினாரே, அது எப்படி சாத்தியமாச்சு? நெஞ்சு நெகிழ்றதையே நல்லகுணம்னு எடுத்துக்கிட்டதால. அழுகை வந்துச்சு, அதனால நான் நல்லவன். செஞ்சத வச்சு இல்ல, உருகுனத வச்சு தன்ன அளக்குறது. போன்ல ஒரு வீடியோ பாத்து கண்ணு கலங்கி, ஷேர் பண்ணிட்டு, ஏதோ பெருசா செஞ்ச மாதிரி ஒரு நிம்மதியோட தூங்கப் போற என் தலைமுறைய (என்னையும் சேத்துதான்) இந்த ஆளு 1919லயே 'ருசோ அண்ட் ரொமாண்டிசிஸம்'ல பிரிச்சு மேஞ்சு வச்சிருக்காரு.

அந்த புக்குதான் அவரோடதுல பெஸ்ட்டுன்னு நான் நினைக்கிறேன். காதல், மேதமை, இயற்கை, சோகம், கிண்டல்னு உணர்ச்சியவும் கற்பனையவும் தலையில தூக்கி வச்ச ரொமாண்டிக் எழுத்தாளங்களோட ஒவ்வொரு மூடுக்கும் ஒரு சாப்டர். சோகம் பத்தின சாப்டர்ல, எல்லையே இல்லாத ஆசைய வளத்துக்கிட்டு உலகம் அதுக்கு ஈடு குடுக்கலன்னு அழுறாங்க, அப்புறம் அந்த அழுகையவே தான் ஒசந்த ஆத்மாங்கறதுக்கு சர்டிஃபிகேட்டா காட்டுறாங்கன்னு சொல்றது செம. முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட வந்த புக்கு அது, நூறு வருஷமா அன்பு அன்புன்னு பேசுன ஐரோப்பா எப்படி இந்த கதிக்கு வந்துச்சுங்கற கேள்வி பக்கத்துக்கு பக்கம் பின்னாடி நிக்குது.

அதே புக்குலதான் அவரோட பெரிய குறையும் தெரியுது. கவிதைய ரசிச்சு ஒரு வரி எழுத மாட்டேங்குறாரு. இங்கிலீஷ் ரொமாண்டிக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்த கூப்புடுறாரு, கூண்டுல ஏத்துறாரு, குறுக்கு விசாரணை பண்றாரு, தீர்ப்பு குடுத்து அனுப்புறாரு, அந்த வரியில ஒரு சத்தம் இருக்கு, ஒரு அழகு இருக்கு, அது நம்மள ஏதோ பண்ணுதுங்கறதுக்கு இடமே இல்ல. இலக்கிய வாத்தியாருக்கு இது சின்ன குறை இல்ல. தன் காலத்துல வந்த புது எழுத்து பத்தியும் உருப்படியா எதுவும் சொல்லல. கூடவே இருந்து படிச்ச எலியட் உலகத்தையே புரட்டிப் போட்ட கவிதை எழுதுறான், இவரு இன்னும் ருசோவோட மல்லுக்கட்டிட்டு இருக்காரு.

பழமைவாதின்னு சொல்றோமே, அப்ப சர்ச் பக்கம்னு நினைக்கத் தோணும். கெடையாது. சின்ன வயசுல பாபிட் ஒரு சர்ச் முன்னாடி நின்னு, இதோ இருக்கு எதிரி, இதத்தான் நான் வெறுக்கிறேன்னு சொன்னாருன்னு ஃப்ரெண்டு மோரே எழுதியிருக்காரு. வயசான பிறகு கத்தோலிக்க சபைதான் மேற்குல மிச்சமிருக்குற ஒரே கட்டுப்பாடான நிறுவனமா இருக்கலாம்னு சொல்ற அளவுக்கு இறங்கி வந்தாரு, ஆனா உள்ள போய் உக்காரல. கடவுள், அருள், வெளிப்பாடு இதெல்லாம் இல்லாமயே, அனுபவத்த மட்டும் வச்சு, இந்த 'நில்லு'ங்கற சக்தி மனுஷனுக்குள்ள இருக்குன்னு காட்டிடலாம்னு நம்பினாரு. அதுக்கு அவருக்கு கெடச்ச பெரிய சாட்சி புத்தர். பாலியில இருக்குற புத்தர். ஜெர்மன் ரொமாண்டிக்குங்க இந்தியாவ ஒரு கனவு தேசமா பாத்தாங்க, ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் புத்தர விரக்திக்காரரா படிச்சாரு, ரெண்டும் தப்புன்னு பாபிட் சண்ட போட்டாரு. அவரு படிச்ச புத்தர் சோம்பேறித்தனத்துக்கு எதிரி, நாள் பூரா விழிச்சு வேல செய்யச் சொல்றவரு, யாரையும் நம்பாத, உன் விளக்கு நீயேன்னு சொல்றவரு. பௌத்த நூலான தம்மபதத்துல ரெண்டாவது வர்க்கமே (பகுதி) அசட்டையா இல்லாம விழிப்பா இருக்குறத பத்திதான். போர்ல ஆயிரம் பேர ஜெயிக்கிறத விட தன்ன ஜெயிச்சவன்தான் பெரிய வீரன்னு அதுல வர்ற பாட்ட படிச்சா பாபிட்டோட மொத்த லைப்ரரியும் அந்த ஒத்த பாட்டுக்கு எழுதுன உரையோன்னு தோணும். மாக்ஸ் முல்லர் மொழிபெயர்ப்ப வச்சு திருத்தி தம்மபதத்த இங்கிலீஷ்ல பண்ணி வச்சிருந்தாரு, அவரு போனப்புறம் 1936ல ஆக்ஸ்ஃபோர்ட் போட்டுச்சு, கூடவே புத்தரும் மேற்கும்னு ஒரு நீளமான கட்டுரை. அவரு எழுதுனதுலயே நிதானமான எழுத்து அது.

இதுல எலியட் வந்து ஒரு ஊசிய குத்தினாரு. 1928ல எழுதுன கட்டுரையில, குருவ முழு மரியாதையோட வச்சுக்கிட்டு, நீங்க சொல்ற கட்டுப்பாடு எதுக்காகன்னு கேட்டாரு. மனுஷனுக்கு வெளியில மேல எதுவும் இல்லன்னா 'நில்லு'ன்னு சொல்ற இந்த ஒசந்த சித்தம் எத நோக்கி போகும், மதம் கட்டின வீட்டுல இருந்துகிட்டே மதம் வேணாம்னு சொல்றீங்க, வீடு இடிஞ்சா உங்களுக்கு நிக்க எடம் எங்கன்னு. எலியட் அப்பதான் இங்கிலாந்து திருச்சபையில சேந்திருந்தாரு. மோரும் கிறிஸ்தவத்துக்குள்ள போயிட்டாரு. கடைசி வரைக்கும் வெளிய நின்னது பாபிட் மட்டும்தான். எலியட் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு பதில் ஆசியாவுல இருக்குன்னு பாபிட் நெனச்சாருன்னுதான் எனக்கு படுது. கடவுள பத்தி வாய தொறக்காமயே ரெண்டாயிரம் வருஷம் தாண்டி நின்ன ஒழுக்கம் இருக்கே, அத ஒரு சர்ச்சுக்குள்ள இருந்து பாத்தா தெரியாது. எலியட் அத ஏத்துக்கல. சீன மொழி தெரியாம சீனாக்காரங்களோட பழகாம கன்ஃபூசியஸ எப்படி புரிஞ்சுக்க முடியும்னு பின்னாடி நக்கலாவே எழுதிட்டாரு.

நக்கல் பண்ணாரு சரி, ஆனா சீனாக்காரங்களே பாபிட்ட தேடி வந்தாங்க. இந்த பகுதி எனக்கு ரொம்ப புடிக்கும். மெய் குவாங்தி, வூ மி, அப்புறம் லியாங் ஷிச்சியு, எல்லாரும் ஹார்வர்ட் போய் இவர்கிட்ட படிச்சவங்க. அப்ப சீனாவுல ஹூ ஷி தலைமையில புது கலாச்சார இயக்கம், பழைய இலக்கிய மொழிய தூக்கிப் போடு, கன்ஃபூசியஸ கடையோட மூடுன்னு ஒரு அலை. ஹூ ஷி கொலம்பியா யூனிவர்சிட்டியில அமெரிக்க தத்துவவாதி ஜான் டூயிகிட்ட படிச்சவரு. ஆக ரெண்டு அமெரிக்க வாத்தியாருங்களோட தகராறு நான்ஜிங்லயும் பெய்ஜிங்லயும் நடந்துச்சுன்னே சொல்லலாம். 1921ல பாஸ்டன்ல சீன மாணவங்க முன்னாடி பேசும்போது, எங்ககிட்டேர்ந்து மெஷின வாங்கிக்கங்க, அந்த அவசரத்துல கன்ஃபூசியஸ தொலச்சிடாதீங்கன்னு பாபிட் சொன்னாரு. மெய்யும் வூ மியும் 1922ல நான்ஜிங்ல 'ஷ்வேஹெங்'னு பத்திரிகை ஆரம்பிச்சு, பழைய இலக்கிய நடையிலயே பாபிட்ட எழுதினாங்க. எழுத்தாளர் லூ சுன் அவங்கள கிழிச்சு தோரணம் கட்டினாரு. எழுத்தாளர் லின் யூடாங்கும் ஹார்வர்ட்ல அதே கிளாஸ்ல உக்காந்தவருதான், அவருக்கு பாபிட்ட சுத்தமா புடிக்கல, எதிர் கட்சிக்கு போயிட்டாரு. லியாங் ஷிச்சியு பிற்காலத்துல தைவான் போய் ஷேக்ஸ்பியர் முழுசையும் தனி ஆளா சீன மொழிக்கு கொண்டு வந்தாரு. வூ மி கதைதான் பாவம். கலாச்சாரப் புரட்சியில அடி வாங்கி, எழுபதுகள்ல கன்ஃபூசியஸ கண்டிச்சு பேசுன்னு எல்லாரையும் நெருக்கினப்ப முடியாதுன்னு நின்னு, 1978ல செத்தாரு. மாசாசூசெட்ஸ்ல ஒரு பிரெஞ்சு வாத்தியார் சொன்ன 'நில்லு'வ அவ்வளவு தூரத்துல ஒருத்தர் அப்படியே நின்னு காட்டியிருக்காரு.

அரசியலுக்கு 1924ல 'டெமாக்ரசி அண்ட் லீடர்ஷிப்'. பொருளாதாரப் பிரச்சனைய தோண்டினா அரசியலு, அரசியல தோண்டினா தத்துவம், தத்துவத்த தோண்டினா மதம்னு ஆரம்பிக்கிறாரு. தனி மனுஷனுக்கு உள் பிரேக் மாதிரி ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம், செனட், சுப்ரீம் கோர்ட்டு. அன்னிக்கு மெஜாரிட்டிக்கு தோணுறது எல்லாம் உடனே நடக்கக் கூடாதுங்கறதுதான் அதோட வேல. இதே காரணத்தாலதான் அமெரிக்காவோட மதுவிலக்கையும் எதிர்த்தாரு, தன்ன அடக்கத் தெரியாத சமூகம் போலீஸ வச்சு பக்கத்து வீட்டுக்காரன அடக்கப் பாக்குதுன்னு. வில்சன் மாதிரி உலகத்துக்கு சேவை செய்ய கிளம்புற ஜனாதிபதிங்கள கண்டாலும் புடிக்காது, சேவைன்னு ஆரம்பிச்சு சாம்ராஜ்யத்துல முடியும்பாரு. ஞாயித்துக்கிழமை பேப்பர கையில வச்சுக்கிட்டு சோம்பலா சரிஞ்சு கெடக்குற அமெரிக்கன்தான் தரத்த அளவு ஜெயிச்சதுக்கு கச்சிதமான அடையாளம்னு ஒரு இடம் வரும், நம்ம அற்பத்தனத்துக்கு தீனி போட தினம் காடு காடா மரத்த கூழாக்குறாங்கன்னும் சொல்வாரு. இப்ப மரம் தப்பிச்சிடுச்சு.

இந்த புக்குல எனக்கு ஒத்துக்க முடியாதது நிறைய. முதல்ல உன்ன திருத்து அப்புறம் உலகத்த பேசுங்கறது கேக்க நல்லா இருக்கும், ஆனா அத யாரு யாருக்கு சொல்றாங்கங்கறது முக்கியம். கூலி பத்தலன்னு நிக்கிறவன்கிட்ட உள் கட்டுப்பாடு பத்தி பேசினா அவன் எந்திரிச்சு போயிடுவான், போறதுதான் சரி. 1930ல 'தி கிரிட்டீக் ஆஃப் ஹ்யூமனிசம்'ங்கற எதிர்ப்பு தொகுப்புல விமர்சகர் மால்கம் கவுலி நேரா கேட்டாரு, மில்லுல வேல செய்யிறவனுக்கு இதுல என்ன இருக்குன்னு. பாபிட்கிட்ட அதுக்கு பதில் இல்லன்னுதான் சொல்வேன். பேப்பர் வித்து வளந்தவருங்கறதால வறுமை தெரியாம பேசலன்னு வேணா அவருக்காக வாதாடலாம், ஆனா தான் ஏறி வந்துட்டோம்ங்கறதாலயே ஏறாதவன் மேல பொறுமை இல்லாம போறது நாம பாக்காததா.

1930தான் உச்சம். பாபிட்டோட பழைய மாணவர் நார்மன் ஃபோர்ஸ்டர் தொகுத்த 'ஹ்யூமனிசம் அண்ட் அமெரிக்கா' ஒரு பக்கம், கவுலி, எட்மண்ட் வில்சன் எல்லாம் எழுதுன மறுப்பு இன்னொரு பக்கம். மே மாசம் நியூயார்க் கார்னெகி ஹால்ல பாபிட்டும், விமர்சகருங்க கார்ல் வான் டோரனும், ஹென்றி கேன்பியும் மேடையேறி விவாதம் பண்ணாங்க, இலக்கியக் கொள்கை பத்தின சண்டைய கேக்க ஆயிரக்கணக்குல கூட்டம். அதே வருஷம் நோபல் வாங்கப் போன சின்க்ளேர் லூயிஸ் ஸ்டாக்ஹோம் மேடையில நின்னு நியூ ஹ்யூமனிசத்த சர்க்கஸுன்னு கிண்டலடிச்சாரு. பேர கெடுத்தது பத்தாதுன்னு இது வேற. அதுக்குள்ள பொருளாதாரப் பெருமந்தம் முத்தி வேல போய் சாப்பாட்டுக்கு க்யூ நிக்கிற காலமாச்சு, பிரேக் பத்தி கேக்க யாருக்கும் பொறுமை இல்ல. 1933 ஜூலை 15 கேம்பிரிட்ஜ்ல பாபிட் போய் சேந்தாரு, இயக்கமும் அதோட கிட்டத்தட்ட முடிஞ்சுது.

அப்புறம் நடந்ததுல ரெண்டு விஷயம் வேடிக்கை. ஃபோர்ஸ்டர் அயோவா யூனிவர்சிட்டியில இலக்கியப் பள்ளிக்கு தலைவரா போயி, ஆராய்ச்சிக்கட்டுரைக்கு பதிலா கதை கவிதை எழுதியும் பட்டம் வாங்கலாம்னு வழி பண்ணாரு, அதுலேர்ந்துதான் அயோவா ரைட்டர்ஸ் ஒர்க்ஷாப் வந்துச்சு. 'உன்ன நீயே வெளிப்படுத்து'ங்கற பேச்ச கடைசி வரைக்கும் கலாய்ச்சவரோட சீடன் கையாலதான் இன்னிக்கு உலகம் பூரா இருக்குற கிரியேட்டிவ் ரைட்டிங் கோர்ஸுக்கெல்லாம் பிள்ளையார் சுழி. இன்னொன்னு, பிஎச்டிய மதிக்காதவரு பேர்லயே ஹார்வர்ட் 1960ல ஒப்பிலக்கியத்துக்கு ஒரு பேராசிரியர் நாற்காலி வச்சுது, முதல்ல உக்காந்தது அவரோட பழைய மாணவர் ஹாரி லெவின். நடுவுல 1953ல ரஸ்ஸல் கிர்க் 'தி கன்சர்வேட்டிவ் மைண்ட்'ல பாபிட்ட பதினெட்டாம் நூற்றாண்டு பழமைவாத சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் வழியில வந்தவரா எழுதி அமெரிக்க பழமைவாதிங்களுக்கு திரும்ப அறிமுகப்படுத்தினாரு. இன்னிக்கு அந்த பேர்ல அரசியல் பண்றவங்க கூச்சலையும் ஆத்திரத்தையும் பாத்தா இவங்க பாபிட்ட ஒரு பக்கமாவது படிச்சிருப்பாங்களான்னு சந்தேகம்தான், ஆத்திரத்த தொறந்து விடுறதுதான் நேர்மைன்னு நினைக்கிறது அவரு கணக்குல சுத்தமான ருசோ.

படிக்கணும்னா, உயிரோட இருக்கும்போது 1924 வரைக்கும் வந்த புக்கெல்லாம் காப்பிரைட் போயிடுச்சு, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேன் கெடைக்குது. முதல்லேர்ந்து வரிசையா படிக்காதீங்க, மூணாவது புக்குல தூக்கம் வந்துடும், சொன்னதையே சொல்வாரு. 'ருசோ அண்ட் ரொமாண்டிசிஸம்'ல சோகம் பத்தின சாப்டர், 'டெமாக்ரசி அண்ட் லீடர்ஷிப்' முன்னுரை, அப்புறம் கெடச்சா தம்மபதத்தோட வர்ற அந்த நீளமான கட்டுரை, இந்த மூணு போதும். பக்கத்துல வேர்ட்ஸ்வொர்த் கவிதையும் ஒன்னு தொறந்து வச்சுக்கங்க, பாபிட் சொல்லாம விட்டது என்னன்னு அப்பப்ப பாத்துக்கலாம்.